கருங்கல்லுக்கு எத்தனை வயது?

திருக்கோஷ்டியூர் சௌம்ய நாராயணப் பெருமாளைச் சேவித்த அன்பர்களுக்கு அஷ்டாங்க விமானத்தின் குறுகலான படிகள் நினைவிருக்கும். கீழே நர்த்தன கிருஷ்ணன்; முதல் தளத்தில் பள்ளி கொண்ட திருக்கோலம்; அதற்கு மேல் நின்ற திருக்கோலம்; அதற்கும் மேலே பரமபதநாதனாய் வீற்றிருந்த திருக்கோலம். தலை குனிந்து ஏறி வெளியே வந்தால் காற்று முகத்தில் அடிக்கும். உடையவர் திருமந்திரத்தை ஊரறியச் சொன்ன தலம் அல்லவா, அந்த நினைவோடு எல்லோரும் அங்கே சற்று நேரம் நின்று கீழே ஊரைப் பார்ப்பார்கள். செம்மண் நிலம், கண்மாய், பனைமரங்கள். மலை என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது.

சென்ற மாசித் தெப்பத்துக்கு என் தமக்கையின் பேரப் பிள்ளைகள் இருவர் வந்திருந்தனர். மூத்தவள் நிலவியல் முதுகலை மாணவி. இளையவன் ஐந்தாம் வகுப்பு. படியேறும்போது சிறுவன் கல்லைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு எத்தனை வயசு தாத்தா?" என்றான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கோயில் என்று நான் சொன்னேன். "கோயிலுக்கு இல்ல தாத்தா, கல்லுக்கு" என்றான். நான் விழித்தேன். அவன் அக்காள்தான் பதில் சொன்னாள்: "கல்லுக்கு ஒரே வயசு கிடையாதுடா. எந்த வயசைக் கேக்குற?"

அந்தச் சொல் என்னை விடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்தவன் நான். கருங்கல்லை நான் அறிந்ததெல்லாம் கன மீட்டர் கணக்கில்தான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அன்று முதல் சில மாதங்கள் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் தொந்தரவு செய்தும், அவள் சொன்ன நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கல்லின் பெயர். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலக நிலவியலில் ஒரு தனிப்பெயர் உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறையில் பதித்த பலகை சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, 1893இல் அந்த இனக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயரிட்டார். 1900இல் அதைப் பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று. நம் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாக் கல்லறையின் பெயர் வாய்த்ததில் எனக்குச் சிறிது மனக்குறை உண்டு. பூரி ஜகந்நாதர் ஆலயத்தையும் கோனார்க் சூரியன் ஆலயத்தையும் கட்டிய கல்லுக்கு, அப்பகுதிப் பழங்குடியினரான கோண்டு மக்களின் பெயரால் கோண்டலைட் என்று பெயர் வைத்தார்கள். அது தேவலை.

இந்த இரண்டும் உருமாறிய பாறைகள். சேற்று மண்ணைப் பானையாக வனைந்து சூளையில் வைத்தால் அது மீண்டும் சேறாவதில்லை; நிறமும் ஓசையும் மாறி வேறொரு பொருளாகிவிடுகிறது. அதைப் போலவே நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்த பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகாமலேயே மறு உருவம் பெறுகிறது. பழைய தாதுக்கள் மறைந்து புதியவை வளர்கின்றன. நம் கோயில் தூண்களையும் தளக்கற்களையும் உற்றுப் பாருங்கள். சில கற்களில் வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டைகள் மடிந்து நெளிந்து ஓடும். சிலவற்றில் குங்குமம் தெறித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அப்புள்ளிகள் பெரும்பாலும் கார்னெட் என்னும் தாது. எந்தத் தாது எதனுடன் சேர்ந்து வளர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, அந்தக் கல் எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு ஆழத்தில் வெந்தது என்று கணித்துவிடுகிறார்கள். பழனிமலைத் தொடரின் தெற்கு அடிவாரத்தில், வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே கெங்குவார்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பாறை 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய பாறை உலகில் சில இடங்களிலேயே கிடைக்கும் என்பதால் நிலவியலார் நெடுந்தொலைவிலிருந்து அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். கொடைக்கானலுக்குப் பேருந்தில் போகும் நாமோ அதைக் கடந்து போய்விடுகிறோம்.

சரி, வெந்தது எப்போது? இங்கேதான் வங்கிக்காரனுக்குப் பிடித்த பகுதி வருகிறது.

கல்லைத் தூளாக்கி, நீரில் அரித்து, காந்தத்தால் பிரித்து, கனமான துகள்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் சிர்க்கான் என்னும் சிறு படிகங்கள் கிடைக்கும். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சில நூல்களில் இதைக் கோமேதகம் என்று எழுதியிருக்கிறார்கள். நகைக்கடையில் நவரத்தினத்துக்கு வைக்கும் கோமேதகம் பெரும்பாலும் கார்னெட் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே சிர்க்கான் என்றே சொல்வோம். இந்தப் படிகம் உருவாகும்போது யுரேனிய அணுக்களுக்குத் தன்னுள் இடம் கொடுக்கும், ஈயத்துக்குக் கொடுக்காது. யுரேனியமோ காலப்போக்கில் சிதைந்து ஈயமாக மாறும் இயல்புடையது. ஆகவே பின்னாளில் படிகத்தினுள் இருக்கும் ஈயம், உள்ளேயே பிறந்த ஈயம். எவ்வளவு யுரேனியம் மீந்திருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. யுரேனியத்தில் இரண்டு வகை: 238 நிறையெண் கொண்டது பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும், 235 நிறையெண் கொண்டதற்கு 70 கோடி ஆண்டுகள் போதும். இரண்டும் வெவ்வேறு ஈயமாக மாறுகின்றன. ஒரே ஆள், ஒரே நாளில், இரு வேறு வட்டி வீதத்தில் இரண்டு கணக்குத் தொடங்கினால் எப்படி இருக்கும்? என்றைக்குப் பார்த்தாலும் இரண்டின் இருப்பையும் கொண்டு தொடங்கிய தேதியைத் தனித்தனியே கணித்துவிடலாம். இரண்டும் ஒரே தேதியைக் காட்டினால், எங்கள் செட்டிநாட்டுப் பேரேட்டுப் பேச்சில், ஐந்தொகை நேராயிற்று. காட்டாவிட்டால் நடுவில் யாரோ பணம் எடுத்திருக்கிறார்கள். சிர்க்கானில் அப்படி எடுத்துச் செல்வது பெரும்பாலும் வெப்பம், ஈயம் கசிந்துவிடுகிறது. வங்கியில் கணக்கு இடித்தால் நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுவோம். இவர்களோ இடிப்பதையே பயன்படுத்திக்கொள்கிறார்கள்! ஒரே கல்லின் பல துகள்களை அளந்து வரைபடத்தில் இட்டால், குறைவுபட்ட துகள்கள் ஒரு நேர்கோட்டில் வந்து நிற்கும். கோட்டின் ஒரு முனை படிகம் பிறந்த காலத்தையும், மறுமுனை ஈயம் கசிந்த காலத்தையும் காட்டும். தவறிய கணக்கிலிருந்து இரண்டு தேதிகள்!

அதோடு நிற்கவில்லை. பெரிய வெப்பம் வரும்போது பழைய சிர்க்கானைச் சுற்றிப் புதிய சிர்க்கான் ஓர் உறைபோல் வளர்வதும் உண்டு. நடுவில் ஒரு வயது, விளிம்பில் ஒரு வயது. தலைமுடியின் பருமனிலும் சிறிய புள்ளியில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கும் கருவியை, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அத்தகைய கருவியால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில் 440 கோடி ஆண்டு பழமையான சிர்க்கான் துகள் அறியப்பட்டது. கல்லுக்கு ஒரே வயது கிடையாது என்று அந்தப் பெண் சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

இப்போது நம் நிலத்துக்கு வருவோம். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெறத் திருவரங்கத்திலிருந்து உடையவர் 18 முறை நடந்து வந்தார் என்பது குருபரம்பரை. காவிரியைத் தாண்டி அவர் தெற்கே வந்த நிலம்தான் நிலவியலாரும் மீண்டும் மீண்டும் வந்து நடக்கும் நிலம். பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே ஓர் அகன்ற நொறுங்கல் பட்டை ஓடுகிறது. அதற்குத் தெற்கே, கேரள எல்லையில் அச்சன்கோவில் சாஸ்தா எழுந்தருளியிருக்கும் பகுதி வரை உள்ள நிலத்தை மதுரைப் பாறைத்தொகுதி என்கிறார்கள். அதன் தென்மேற்கு எல்லைக்கே அச்சன்கோவில் பட்டை என்று அந்தத் தலத்தின் பெயர்தான். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், யானைமலை, திருப்பரங்குன்றம் எல்லாம் இந்தத் தொகுதிக்குள் அடங்கும்.

இந்தத் தொகுதியின் வடக்கிலும் மேற்கிலும் சிர்க்கானின் நடுப்பகுதி 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதைக் காட்டுகிறது. சென்னைச் சார்னோகைட்டும் நீலகிரியும் ஏறத்தாழ அதே வயதினர். ஆனால் மதுரைத் தொகுதியில் விளிம்பை அளந்தால் வேறொரு காலம் திரும்பத் திரும்ப வருகிறது: 55 கோடி ஆண்டுக்கு முன்னும் பின்னும். அப்போது இங்கே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. அதே எண்ணை இலங்கையின் மலைநாட்டுப் பாறையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவின் ஒரு பகுதியிலும் காண்கிறார்கள். தனித்தனியே நடந்த நிகழ்ச்சியாக இருக்க முடியாது. மொசாம்பிக் பெருங்கடல் என்று அவர்கள் பெயரிட்டுள்ள ஒரு பழங்கடல் அப்போது மூடிக்கொண்டது. இருபுற நிலங்களும் மோதின. அரேபியாவிலிருந்து அண்டார்க்டிகா வரை நீண்ட பெருமலைத் தொடர் எழுந்தது. அதனால் ஒட்டிக்கொண்ட பெருநிலமே கோண்டுவானா. அந்தக் கடல் மூடிய தையல்கோடு காவிரி ஓரம்தான் என்பாரும் உண்டு. இல்லை, அந்தக் கோடு இன்னும் பழையது என்பாரும் உண்டு. அறிஞரிடையே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

வழியில் ஒரு வார்த்தை. திருச்சி மலைக்கோட்டைப் பாறை 380 கோடி ஆண்டு பழமையானது என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். எந்தத் துகளை யார் எப்போது அளந்தார்கள் என்று கேட்டால் அங்கே பதில் இல்லை. உச்சிப் பிள்ளையாருக்குப் பெருமை சேர்க்க நாம் எண்ணைப் பெருக்க வேண்டியதில்லை. இமயமலை எழத் தொடங்கியதே 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அப்படியானால் அந்தப் பெருமலை எங்கே? விமானத்தின் மேலிருந்து பார்த்தால் பனைதானே தெரிகிறது?

தெப்பத்தன்று அதற்கு விடை கிடைத்தது. குளக்கரையில் பெண்கள் அகல் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். தெப்பத்தில் ஆட்கள் ஏறும்போது அது சற்றே நீரில் அமிழ்வதையும், இறங்கும்போது மேலே எழும்புவதையும் காட்டி, "இதுதான் தாத்தா" என்றாள் அந்தப் பெண். பூமியின் மேலோடு, கீழே உள்ள அடர்ந்த பகுதியின் மேல் ஏறத்தாழ மிதப்பது போல் நிற்கிறது. மலை எவ்வளவு உயர்கிறதோ, அதைவிடப் பன்மடங்கு அதன் வேர் கீழே அமிழ்ந்திருக்கும். மழையும் ஆறும் மேலே உள்ளதை அரித்துக் கடலில் கொண்டு சேர்க்கச் சேர்க்க, பாரம் இறங்கிய தெப்பம்போல் வேர் மேலே எழும்பும். எழும்பியது மீண்டும் அரிபடும், மீண்டும் எழும்பும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்தபின், 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் வெயிலுக்கு வந்துவிடுகிறது. ஆக, நம் குன்றுகள் தனித்தனியே முளைத்த சிறு மலைகள் அல்ல. மறைந்துபோன ஒரு பெருமலையின் அடிவேர் அவை. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் குடைந்தெடுத்த சிற்பியின் உளி பட்டது அத்தகைய வேரில்தான்.

ஒட்டிய பெருநிலம் பிரிந்த கதைக்கும் எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. சிவகங்கைப் பகுதியில் களிமண் பாறைகளுக்கு இடையே இலைகளின் பதிவு கிடைக்கிறது. இந்த இலைகள் கோண்டுவானா பிளக்கத் தொடங்கிய காலத்தவை. கிழக்கே நிலம் விரிந்து தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் கொண்டுவந்து நிரப்பிய வண்டல் அது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகா நம்மிடமிருந்து விலகத் தொடங்கியது. மடகாஸ்கர் மேற்கே பிரிந்தது 9 கோடி ஆண்டுகளை ஒட்டி. அப்போது பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து நிற்பதை, உடுப்பி கிருஷ்ணனைச் சேவிக்கப் போகிறவர்கள் மால்பே கரையிலிருந்து படகேறி செயின்ட் மேரீஸ் தீவுகளில் காணலாம். பிறகு இந்தியா தனியே வடக்கு நோக்கி விரைந்து ஆசியாவில் மோதியது. பத்ரிநாத்துக்குப் போகும் வழியில் நாம் அண்ணாந்து பார்ப்பது அந்த மோதலை. இலங்கை மட்டும் நம்மை விட்டு அதிக தூரம் போகவில்லை. சிவகங்கை அருகே தமிழ்நாடு கனிம நிறுவனம் தோண்டியெடுக்கும் கிராஃபைட், அக்கரையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலும் கிடைக்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் கரி அதுதான்.

இங்கே சில அன்பர்கள் ஒன்று கேட்கக்கூடும். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று நம் சாஸ்திரம் சொல்கிறது. பூமியின் வயது 454 கோடி என்று விஞ்ஞானம் சொல்கிறது. இரண்டும் பொருந்துகின்றனவே என்று. நானும் ஒரு காலத்தில் இதை மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். இப்போது பேசுவதில்லை. 22 கோடி வித்தியாசம் உள்ள கணக்கை நேராகிவிட்டது என்று கையெழுத்திட எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார். இரண்டும் ஒரே கணக்கு அல்ல என்பதே என் எண்ணம். சங்கல்பத்தில் கல்பம், மன்வந்தரம், யுகம் என்று தொடங்கி, ஆண்டு, மாதம், திதி என இறங்கி வந்து, கடைசியில்தான் நம் பெயரைச் சொல்கிறோம். அவ்வளவு பெரிய காலத்தின் முன் நின்றுகொண்டு தன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பழகுவது அது. சிர்க்கான் அளப்பதோ வேறு வேலை. இரண்டையும் ஒரே மனிதன் செய்யலாம். அந்தப் பெண் செய்கிறாள்.

முன்பு சொல்வதாகச் சொன்ன கதை மிச்சமிருக்கிறது.

பணியிலிருந்தபோது, தென்மாவட்டக் கிளை ஒன்றில், கல் குவாரிக்குக் கடன் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. அனுமதிகள் எல்லாம் முறையாக இருந்தன. நேரில் சென்று பார்த்தேன். சிறு குன்று, அடிவாரத்தில் கருப்பர் சன்னிதி, இரண்டு அரிவாள், ஒரு வேம்பு. மதிப்பீட்டாளர் அறிக்கையில் எத்தனை கன மீட்டர் கல் தேறும், மெருகிட்டால் என்ன விலை போகும் என்று இருந்தது. பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன். கடன் தவணை தவறாமல் அடைபட்டது. வங்கியின் பார்வையில் அது நல்ல கணக்கு. யார் மேலும் எனக்குப் புகார் இல்லை. கையெழுத்து என்னுடையது.

தெப்பம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்ணை அங்கே அழைத்துச் சென்றேன். குன்று இருந்த இடத்தில் பச்சை நீர் நிறைந்த ஆழமான பள்ளம். கருப்பரைச் சாலையோரத்துக்கு எடுத்து வந்து தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் விளிம்பில், விரிசல் விழுந்ததால் விலை போகாமல் தள்ளிய கற்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைக் கழுவிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் பட்டைகள் மடிந்து மடிந்து ஓடின; நடுவே குங்குமப் புள்ளிகள். கைப்பிடியளவு துண்டு ஒன்றை எடுத்து, துணிப்பையில் இட்டு, பையின் மேல் தேதியையும் இடத்தையும் எழுதினாள். அவளுடைய ஆசிரியர் ஒப்புக்கொண்டால் அதை அளக்கக் கொடுப்பாளாம். பல மாதங்கள் ஆகும்.

"குன்னுக்கு என்ன பேரு தாத்தா?" என்று கேட்டாள்.

சர்வே எண்ணை உட்பிரிவோடு சொன்னேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது நினைவிலிருந்தது. பெயரை எவ்வளவு யோசித்தும் வரவில்லை; கோப்பில் அதற்கு இடம் இருந்ததாகவும் தோன்றவில்லை. சற்றுத் தொலைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தியிடம் போய்க் கேட்டோம். அவர் பள்ளத்தைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னார். சர்வே எண்ணுக்கு மேலே அதையும் எழுதிக்கொண்டாள்.